கதவைப் பிடித்தபடி சொல்வது

மருந்தடிக்கிறவர் முதுகில் 16 லிட்டர் டேங்க். மூடி இறுகப் பூட்டாது. குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒழுகுகிறது. முதுகு, இடுப்பு, தொடை.

பாலையம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம். வெயில் ஏறுவதற்கு முன்னால். மொட்டுப்புழுவுக்கு மருந்து.

வாய்க்குத் துண்டு கட்டியிருக்கிறார். இடுப்புக்குக் கீழே நனைந்த கைலி.

"குளிச்சாப் போயிரும்."

1967. ஃபெல்ட்மன், மைபாக் என்று இரண்டு அமெரிக்க மருத்துவர்கள். உடம்புத் தோலில் எந்த இடம் எவ்வளவு உறிஞ்சும் என்று அளந்தார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தைத் தடவிப் பார்த்தார்கள். முன்கைத் தோலுக்கு 1 என்று வைத்தால் விதைப்பைத் தோலுக்கு 42.

பின்னால் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்தும் பார்த்தார்கள். அதிலும் விதைப்பைதான் முதலிடம்.

தோட்டத்து வேலை முடிந்து டீக்கடை. அதே கைலி. காய்ந்துவிட்டது.

*

பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறைச் சுவர். ஆண்கள் பக்கம்.

நரம்புத் தளர்ச்சி. சொப்பன ஸ்கலிதம். விந்து நீர்த்துப்போதல். உறுப்பு சிறுத்தல். இளமையில் செய்த தவறு.

கீழே, எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த லாட்ஜ். மாதம் ஒரு நாள். நிரந்தர விலாசம் இல்லை.

செல் நம்பரை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். கோபத்திலா, மனப்பாடம் செய்துகொண்ட பிறகா?

*

விந்து வெளியே வந்ததும் கட்டிபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக இளகி நீர்க்க வேண்டும். பெரும்பாலும் அரை மணிக்குள். லேப் டெக்னீஷியன் அதற்காகக் காத்திருப்பார். ஒரு மணி நேரம் ஆகியும் நீர்க்காவிட்டால் ரிப்போர்ட்டில் குறித்துவைப்பார்.

நீர்ப்பதற்கு உதவுவது புராஸ்டேட் சுரப்பியின் நொதி.

சுவரில் 'விந்து நீர்த்துப்போதல்' ஒரு நோய்.

*

1954-ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துகள், மந்திர சிகிச்சைகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கிற சட்டம். பின்னிணைப்பில் 54 நோய்கள். இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது.

பட்டியலை முழுக்கப் படித்தேன். நரம்புத் தளர்ச்சி இருக்கிறது. ஆண்மைக்குறைவு இருக்கிறது. விரைவீக்கம் இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது. பெண்களின் மலட்டுத்தன்மை இருக்கிறது.

ஆண்களின் மலட்டுத்தன்மை இல்லை.

*

"விசேஷம் ஏதும் உண்டா?"

கல்யாணமாகி மூன்றாம் மாதத்திலிருந்து கேட்பார்கள். வளைகாப்பு வீட்டில், காது குத்து வீட்டில், ரேஷன் கடை வரிசையில். கேட்பது அவளிடம்.

அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனுக்கு அது சௌகரியமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. கேட்கப்படாத ஆளும் இரவில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

*

பெண்ணுக்கு முதலில் ஸ்கேன். பிறகு ரத்தம். பிறகு கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே. அதற்கும் பிறகு வயிற்றில் துளைபோட்டு லேப்ராஸ்கோப்பி. இடையில் கோவில் மரத்தில் தொட்டில். ஒரு மண்டலம் விரதம்.

ஆணுக்கு முதல் சோதனை, ஒரு டப்பாவில் விந்து. சில நூறு ரூபாய். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் ஆண் பக்கம் மட்டுமே.

வரிசை ஏன் தலைகீழாக இருக்கிறது?

*

டப்பா விவரங்கள்.

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி விட்டுத் தர வேண்டும். பத்து நாள் சேர்த்துவைத்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தேங்கியது பழசாகும். ஓட்டம் குறையும்.

சாதாரண ஆணுறையில் பிடித்து வரக் கூடாது. அதன் பூச்சு அணுக்களுக்கு ஆகாது.

வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்தாக வேண்டும். முடிந்தால் அரை மணியில். உடம்புச் சூட்டில் வைத்து வர வேண்டும். குளிரவும் கூடாது, காயவும் கூடாது.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு டவுன் பஸ். சித்திரை வெயில். சட்டைக்கு உள்ளே பனியனோடு அணைத்துப் பிடித்த டப்பா. பக்கத்து சீட்டில் சொந்தக்காரர். "என்னப்பா, கையில என்ன?"

டப்பா மேல் எழுத வேண்டியவை: பெயர், எடுத்த நேரம், கடைசியாக எத்தனை நாளுக்கு முன். முதல் சொட்டு சிந்திவிட்டதா என்பதும். அணுக்கள் அதிகம் இருப்பது முதல் பகுதியில்தான். கூச்சத்தில் பலர் அதைச் சொல்வதில்லை. ரிப்போர்ட் தப்பாக வரும்.

சின்ன லேபில் தனி அறை இருக்காது. கழிப்பறைக் கதவு. வெளியே சர்க்கரை டெஸ்டுக்கு வந்தவர்கள் தட்டுவார்கள்.

*

ரிப்போர்ட் தாள்.

'மாறுபட்ட வடிவம் 94 சதவீதம்.' ஒருவர் இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருந்தார். தாள் மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. மனைவிக்குக் காட்டவில்லை. சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. 2021-இல் வந்த ஆறாம் பதிப்பு. அதில் கீழ் எல்லைகள் இவை. அளவு 1.4 மில்லி. ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள். மொத்தம் 3 கோடியே 90 லட்சம். அசைவன 42 சதவீதம், முன்னோக்கி ஓடுவன 30 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம்.

4 போதும். அவரிடம் 6 இருக்கிறது.

இந்த எண்களை எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எடுத்து வரிசைப்படுத்தினார்கள். அடியிலிருந்து ஐந்து சதவீதம் வரும் இடத்தில் கோடு கிழித்தார்கள்.

ஆக, கோட்டுக்குக் கீழே இருப்பவர்களும் அப்பாக்கள்தான்.

"கவுண்ட் கம்மியாம்." கம்மி என்றால் எவ்வளவு, எத்தனை முறை பார்த்தது? ஒரே முறை பார்த்துவிட்டு யாரையும் எதுவும் சொல்லக் கூடாது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

*

ஓர் அணு உருவாக 74 நாள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பிறகு விந்துக்குழாய்ச் சுருளில் பக்குவப்பட இரண்டு வாரம் போல. கிட்டத்தட்ட மூன்று மாதம்.

வைகாசியில் வந்த கடுங்காய்ச்சல் ஆடி ரிப்போர்ட்டில் தெரியும். காய்ச்சலை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

அக்கினி நட்சத்திரம் மே மாதத்தில். அப்போது உருவாகத் தொடங்கியவை வெளிவருவது ஆடியில்.

ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்துவைப்பார்கள். சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று காரணம் சொல்வார்கள்.

குறித்து மட்டும் வைக்கிறேன்.

*

கரிமூட்டம். நரிக்குடி சாலையில் பல இடங்களில் புகை. சீமைக் கருவேலம் வெட்டி, அடுக்கி, மண் பூசி, உள்ளே தீ. நாள் கணக்கில் எரியும். மேலே ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரி சாம்பலாகிவிடும். ராத்திரியும் காவல். மூட்டத்தின் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

விதைகளுக்கு உடம்புச் சூட்டைவிட இரண்டிலிருந்து நான்கு டிகிரி குறைவாக வேண்டும். அதற்காகத்தான் வயிற்றுக்கு வெளியே தொங்குகின்றன. பையின் தோல் வெயிலில் தளரும், குளிரில் சுருங்கும். உள்ளே போகும் ரத்தத்தைச் சுற்றியிருக்கும் சிரைப் பின்னல் குளிர்விக்கும்.

வெளியே நாற்பது டிகிரி என்றால் எதை வைத்துக் குளிர்விக்கும்?

ரொட்டி அடுப்பு, கொதிசாயத் தொட்டி, பாய்லர், லாரி என்ஜின் மேல் சீட். டாக்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என்ன வேலை பார்க்கிறீர்கள்?

*

1977. கலிஃபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊர். டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லி தயாரிக்கும் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நம்மில் யாருக்குமே பிள்ளை பிறக்கவில்லையே.

சோதனை செய்தால் பலருக்கு அணு இல்லை, சிலருக்கு மிகக் குறைவு.

முதலில் கண்டுபிடித்தது தொழிலாளிகள். வெட்கத்தை விட்டுப் பேசியதால்.

*

காசர்கோடு, பத்ரே கிராமம். முந்திரித் தோட்டத்துக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான். அங்கே பள்ளிப் பையன்களைப் பார்த்தார்கள். 2003-இல் ஆய்வு வெளிவந்தது. பருவம் எய்துவது தாமதம். டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அதைத் தூண்டும் எல்.எச். அதிகம்.

2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

கரிசலில் பருத்திக்கு அதைத்தான் அடித்தோம். மூடியால் அளந்து, குச்சியால் கலக்கி. காலி டப்பா வீட்டில் மண்ணெண்ணெய் வைக்க உதவியது.

*

குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பாட்டிதான் முதலில் கண்டுபிடிப்பாள். "ஒரு பக்கம் காலியா இருக்கே, தாயீ."

"வளர வளர எறங்கிரும்." பக்கத்து வீட்டு ஆறுதல்.

ஆறு மாதம்வரை காத்திருக்கலாம். அதற்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும். வயிற்றுச் சூட்டில் கிடந்தால் அணு உண்டாக்கும் செல்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும். பின்னாளில் புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

பாட்டி பேச்சைக் கேட்ட வீடுகள் தப்பித்தன.

*

போலீஸ், ராணுவத் தேர்வுக்கு ஓடிப் பழகுகிற பையன்கள். விடிகாலையில் பந்தல்குடி ரோட்டில் வரிசையாக.

ஓட்டத்தில் தேறி, மருத்துவ சோதனையில் நிற்பான். டாக்டர் 'இருமு' என்பார். வெரிக்கோசீல், விரைவீக்கம், இறங்காத விதை. அங்கே தெரியவரும். இருபது வயதுவரை அந்த இடத்தை எந்த டாக்டரும் பார்த்ததில்லை.

வெரிக்கோசீல் என்பது விதைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்திருப்பது. பெரும்பாலும் இடப்பக்கம். இடப்பக்க ரத்தநாளம் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேருவதால் அழுத்தம் அதிகம். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் இருக்கும். அதில் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. குழந்தையில்லை என்று வருகிறவர்களில் மூன்றில் ஒருவரிடம் இருக்கும். நின்றால் தெரியும், படுத்தால் மறையும். படுக்கவைத்து மட்டும் பார்த்தால் தவறிவிடும்.

*

மணிக்கோவை.

சூரிச்சில் ஆண்ட்ரேயா பிராடர் என்ற குழந்தை மருத்துவர். 1966. கயிற்றில் கோத்த 12 மணிகள். முட்டை வடிவம். ஒவ்வொன்றிலும் எண். 1, 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20, 25. எல்லாம் மில்லி லிட்டர்.

ஒரு கையில் பையனின் விதை, மறு கையில் மணி. தடவித் தடவி ஒப்பிட்டு எண் சொல்வார்கள். 4 வந்தால் பருவம் தொடங்கிவிட்டது. வளர்ந்தவருக்கு 15-க்கு மேல்.

கரண்ட் வேண்டாம். ஸ்கேன் மெஷின் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து மேசை டிராயரில் கிடக்கலாம்.

நான் தேடிய டிராயர்களில் இல்லை.

*

மல்லிகை வாசனை தெரியாத பையன்.

பூ கமிஷன் கடைக்குள் நிற்கிறான். தெரியவில்லை என்கிறான். சாம்பார் கருகினாலும் தெரியாது. வயது பதினெட்டு. மீசை இல்லை, குரல் உடையவில்லை. உயரம் இருக்கிறது, கைகள் நீளம்.

கருவில் இருக்கும்போது பருவத்தைத் தூண்டும் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியில் தோன்றி அங்கிருந்து மூளைக்குப் பயணம் போகின்றன. வாசனை நரம்புகளின் வழியைப் பிடித்துக்கொண்டு. வழி இல்லையென்றால் இரண்டுமே போய்ச் சேராது.

கால்மன் நோய்க்குறி. 1944-இல் கால்மன் விவரித்தார்.

ஆண் மருத்துவத்தில் இவ்வளவு நன்றாகக் குணம் காட்டும் நிலை அதிகம் இல்லை. ஊசி போட்டால் மீசை வரும், குரல் வரும். வேறு ஊசிகளை மாதக்கணக்கில், சிலருக்கு ஓரிரு வருடம் போட்டால் அணுக்களும் வரும். அப்பா ஆகலாம்.

அந்த ஊசிகளில் ஒன்று எச்.சி.ஜி. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எடுத்தது. இன்னொன்றை முதலில் மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுத்தார்கள். இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரிகள் கொடுத்தார்கள்.

பையனிடம் கேட்க வேண்டியது ஒரு கேள்வி. வாசனை தெரியுமா?

வீட்டில் 'சின்னப் பையன்' என்று கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போடுகிறார்கள்.

*

கண்மாயில் குளிக்கிற பையன்கள். ஒருவன் மட்டும் சட்டையைக் கழற்றவில்லை.

பதிமூன்று, பதினான்கு வயதில் மார்பு சற்றுப் புடைப்பது ஏராளமான பையன்களுக்கு வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் அடங்கிவிடும். யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். பி.டி. சார் சொல்லலாம்.

*

பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள்.

சின்ன வயதில் வந்தால் பெரிய பாதகமில்லை. பருவத்துக்குப் பின் வந்தால் நான்கைந்து ஆண்களில் ஒருவருக்கு விதை வீங்கும். சில சமயம் பிறகு சுருங்கிப்போகும். இரண்டும் சுருங்குவது அபூர்வம்.

அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு. இதற்கு இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

*

ஜிம். கண்ணாடி, சிவப்பு விளக்கு, பெரிய ஸ்பீக்கர். அண்ணன் ஒருவர் ஊசி தருகிறார். "டெஸ்டோ."

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை 'போதும்' என்று நிறுத்திவிடும். விதைக்கு உத்தரவு போகாது. தோள் பெருக்கும், விதை சுருங்கும்.

உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மில்லிகிராம். 1990-இல் முடிவு வெளியானது. பெரும்பாலோருக்கு அணு ஒன்றுமில்லாமல் போனது.

குழந்தை வேண்டும் என்று வருகிறவருக்கு 'ஆண்மை ஊசி' என்று அதையே போட்டு அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன.

நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல்.

*

டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில் உச்சம், மாலையில் இறக்கம். காலை பதினோரு மணிக்கு முன், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும்.

தறிக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து சாயங்காலம் லேபுக்கு வருகிறார்.

*

அணு பூஜ்யம். அளவும் குறைவு. அப்போது விந்தில் ஃப்ரக்டோஸ் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரெசார்சினால் கலந்த அமிலத்தில் விட்டுச் சூடாக்குவார்கள். சிவந்தால் விந்துப்பை நீர் வருகிறது. சிவக்காவிட்டால் வழி அடைத்திருக்கலாம், அல்லது விந்துக்குழாயே பிறவியில் இல்லாமல் இருக்கலாம்.

சாயப்பட்டறைக்காரர் ஒருவருக்கு விளக்கிப் பார்த்தேன். "கலர் ஏறுதா, ஏறலையானு பாக்காக. அம்புட்டுத்தானே?"

அம்புட்டுத்தான்.

குழாய் இருக்கிறதா என்பதைத் தேர்ந்த மருத்துவரின் விரலே சொல்லிவிடும். முறுக்கேறிய பாவு நூல் மாதிரி விரலுக்கு அடியில் உருளும்.

பூஜ்யம் என்றால் முடிந்துபோனது என்று அர்த்தமில்லை. அடைப்பு என்றால் உள்ளே அணு இருக்கும். ஊசியால் எடுக்கலாம். 1992-இல் பிரஸ்ஸல்ஸில் ஓர் அணுவை ஒரு முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெறும் முறையைக் கண்டார்கள். இக்சி. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில், கமலா செல்வராஜின் மருத்துவமனையில்.

செலவு லட்சக்கணக்கில். தறியை விற்றவர்கள் இருக்கிறார்கள். ஆதாரச் சோதனையே செய்யாமல் நேராக அங்கே போனவர்களும் இருக்கிறார்கள்.

*

டாக்டர்கள் பலரும் சொல்வது.

"இடுப்பு வலி" என்று வருவார்கள். "அசதி" என்று வருவார்கள். "உடம்பு சூடு" என்பார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கதவுவரை போய், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்புவார்கள்.

"சார், இன்னொண்ணு..."

அங்கேதான் நோய் இருக்கிறது. வெளியே டோக்கன் 46 காத்திருக்கிறது.

*

வெட்டைச் சூடு. மேகம். நரம்பு வீக். பலம் இல்லை.

ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம் என்று எந்தச் சலூனிலும் சொல்வார்கள். பதினாறு வயதில் கேட்டது நாற்பது வயதிலும் உறுத்துகிறது.

விந்தில் அணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. மிச்சம் விந்துப்பை நீர், புராஸ்டேட் நீர். ரத்தம் அதில் கரைவதில்லை. தூக்கத்தில் வெளியேறுவது நோய் இல்லை.

1960-இல் என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் இந்தப் பயத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தாத் நோய்க்குறி. களைப்பு, படபடப்பு, தூக்கமின்மை, 'எல்லாம் போச்சு' என்ற நினைப்பு. உடம்பில் எதுவும் போகவில்லை. துன்பம் மட்டும் நிஜம். பேசினால் குறைகிறது.

விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சி நடத்தினார். ராத்திரி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்த வீடுகள் எத்தனை.

*

தபால்தலை.

ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வரும். அவனுக்கே தெரியாது. 1980-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை. இணைந்த தபால்தலைகளை உறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் துளைவரிசையில் கிழிந்திருந்தால் ரத்தக்குழாயும் நரம்பும் வேலை செய்கின்றன. பிரச்சினையை மனத்தில் தேட வேண்டும்.

இப்போது கருவிகள் வந்துவிட்டன. கேள்வி அதேதான். "காலைல எந்திரிக்கும்போது எப்படி இருக்கு?"

*

ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1-2 மில்லிமீட்டர். இதயத்தினுடையது 3-4. கொழுப்பு படிந்தால் சின்னக் குழாய் முதலில் அடைபடும்.

விறைப்பு குறைந்து, அதற்குச் சில வருடம் கழித்து மாரடைப்பு வந்தவர்கள் பலர். அந்தச் சில வருடத்தை லேகியத்தில் கழித்திருப்பார்கள்.

நாற்பது வயதில் இந்தத் தொல்லையோடு வருகிறவருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. முன்தோலில் வெடிப்பு, புண், இறுக்கம். அதுவே சர்க்கரையின் முதல் அறிகுறியாகப் பலருக்கு வருகிறது. பால்வினை நோய் என்று பயந்து மறைக்கிறார்கள். மனைவியிடமும்.

சர்க்கரை முற்றினால் விந்து வெளியே வராமல் பின்னோக்கி மூத்திரப்பைக்குப் போவதும் உண்டு. பிறகு எடுக்கும் சிறுநீரில் அணு தேடுவார்கள். கிடைக்கும்.

*

சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்காகச் சோதித்த மருந்து. 1998 முதல் வேறு காரியத்துக்கு. நல்ல மருந்து. டாக்டர் சொல்லிச் சாப்பிட்டால்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

மூலிகை என்று விற்ற ஆண்மைப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் இதைச் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 'அன்னைக்கே வேலை செஞ்சது' என்ற லேகியத்தைச் சந்தேகப்பட வேண்டும். இதய நோயாளி அதைத் தின்றால்?

பூனைக்காலி விதையைப் பற்றி லக்னோ மருத்துவப் பல்கலைக்கழகம் ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டது. அணுவும் ஹார்மோனும் கூடியதாகச் சொன்னது. அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் படித்த மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நிரந்தர விலாசம் உண்டு. ஒரு நாள் லாட்ஜ்காரரையும் அவரையும் ஒன்றாகப் பேசுவது அநியாயம்.

*

சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் சல்ஃபசலசின் அணுவைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பும். தலைமுடிக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு சிலருக்கு ஆசையைக் குறைக்கும். குடி. பீடி. வாயில் ஒதுக்குகிற புகையிலை.

எதையும் கேட்காமல் எழுதுகிற சீட்டு பாதிச் சீட்டு.

*

குண்டாற்றில் மணல்தான். திருச்சுழிப் பாலத்துக்குக் கீழே கிரிக்கெட். திருமேனிநாதர் கோவிலில் கல்யாணம் முடித்த ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வியர்வையில் நனைந்திருக்கிறார். பட்டு வேட்டி, உள்ளே இறுக்கமான ஜட்டி.

பெண் வீட்டார் ஜாதகம் பார்த்திருப்பார்கள். பத்துப் பொருத்தம். யாரும் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

*

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 முதல். அருப்புக்கோட்டையில் அரசு மருத்துவமனை. மதுரையில் ராஜாஜி மருத்துவமனை. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024 முதல் கருத்தரிப்பு மையம்.

மகப்பேறு என்று போர்டு இருக்கிறது. குழந்தைகள் நலம் என்று இருக்கிறது. ஆண் தன் குறையோடு எந்த வாசலில் நிற்பது என்று எழுதிய போர்டு வேண்டும். வாரத்தில் ஒரு மத்தியானம் போதும். தனி அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், ஒரு மணிக்கோவை.

*

படிக்கிறவர்களுக்கு.

கல்யாணமாகி ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து போங்கள். மனைவிக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போங்கள். அவளை ஸ்கேனுக்குள் அனுப்பும் முன் அவனிடம் டப்பாவைக் கொடுங்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். காசு இல்லை, முகமும் தெரியாது.

மருந்தடிக்கப் போகிறவர்கள் டேங்க் மூடிக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கிப் போடுங்கள். முதுகிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொள்ளுங்கள். நனைந்த கைலியை உடனே அவிழ்த்து, சோப்புப் போட்டுக் குளியுங்கள்.